பையில் இரண்டு நிறைகற்கள்: காப்பீட்டிலும் வாணிபத்திலும் நேர்மை

நமது திருச்சபைகளின் அருளுரைகளில் பொய்யும் களவும் பேராசையும் பொதுவாகக் கண்டிக்கப்படுகின்றன. ஆயினும் அவை எந்தத் தாளில், எந்தக் கையொப்பத்தில், எந்தப் பற்றுச்சீட்டில் நிகழ்கின்றன என்று சுட்டிக் கூறப்படுவது அரிது. சபை மக்களுள் பலர் ஆயுள் காப்பீடோ, மருத்துவக் காப்பீடோ, வாகனக் காப்பீடோ எடுத்திருக்கின்றனர். முகவர்களாகப் பணியாற்றிப் பிழைப்போரும் நம்மிடையே உளர். கணவனை இழந்த பெண் ஒருத்தி, உரிமைத்தொகை மறுக்கப்பட்ட கடிதத்தோடு முதலில் நாடி வருவது பெரும்பாலும் ஆயர் இல்லத்தையே. ஆதலால் காப்பீடு என்பது வணிகத் துறையினர் மட்டும் ஆராய வேண்டிய பொருள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. காப்பீட்டில் உண்மை பேசுதல் என்பது யாருக்கு ஆற்றும் கடமை என்பதையும், அக்கடமையில் ஆயர்க்குரிய பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. திருமறை காட்டும் நிறைகல்

பண்டைய இஸ்ரவேலில் வணிகர் பொருள்களை நிறுக்கக் கற்களைப் பயன்படுத்தினர். எபிரேய மூலத்தில் நிறைகல்லைக் குறிக்கும் சொல் வெறுமனே ‘கல்’ என்று பொருள்படுவதே. உபாகமம் 25:13–16 பகுதி, ஒருவன் தன் பையில் பெரிதும் சிறிதுமான இருவகைக் கற்களை வைத்திருத்தலைத் தடை செய்கின்றது. வாங்கும்போது பெரிய கல்லும் விற்கும்போது சிறிய கல்லும் வெளியே வரும். இரண்டும் கல்லே, ஆனால் எந்நேரத்தில் எதை எடுப்பது என்பதை அவன் ஆதாயமே முடிவு செய்கின்றது. ஒரே செய்திக்கு இரண்டு அளவுகளை வைத்துக்கொள்வதே இங்குச் சுட்டப்படும் பாவத்தின் உள்ளியல்பு.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இக்கட்டளை அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது. அயலானைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டுமென்னும் கட்டளை 18-ஆம் வசனத்தில் வருகின்றது. அதே அதிகாரத்தின் 35, 36-ஆம் வசனங்கள் தராசையும் படியையும் பற்றிப் பேசி, எகிப்தினின்று மக்களை விடுவித்த ஆண்டவரின் பெயரால் நிறைவுறுகின்றன. அன்பு உள்ளத்தின் உணர்ச்சியாக மட்டும் நின்றுவிடாமல் சந்தைத் தராசின் தட்டுவரை இறங்கிவர வேண்டும் என்பதும், அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்டோர் பிறரை அளவையால் அடிமைப்படுத்தலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

திருமறை விற்பவனை மட்டும் குற்றஞ்சாட்டுவதில்லை. நீதிமொழிகள் 20:14 வாங்குபவனையும் விட்டுவைக்கவில்லை. பொருளை மட்டமென்று தாழ்த்திப் பேசி வாங்கிவிட்டு, அப்பால் சென்று பெருமைப்படுபவனை அது படம்பிடிக்கின்றது. நம் தமிழ்மரபும் இதனை நன்கறிந்திருந்தது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிபம் செய்வார்க்கு வாணிபம் என்ற கருத்தோடு முடிவுறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. இவ்வகையில் நற்செய்தி புதியதொரு ஒழுக்கத்தை அயல்நாட்டினின்று இறக்குமதி செய்யவில்லை. நம் முன்னோர் மதித்த ஒழுக்கத்திற்கு அயலானின் முகத்தைக் காட்டுகின்றது.

2. பகிர்ந்து சுமக்கும் சுமை

காப்பீட்டில் இவ்வயலான் யார்? இதற்கு விடை காணக் காப்பீட்டின் தன்மையை அறிதல் வேண்டும். ரோதுத் தீவின் கடற்சட்டம் என்று வழங்கப்பட்ட பழைய விதியொன்று, பின்னர் யுஸ்தினியானுஸ் பேரரசரின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. புயலில் கப்பலைக் காக்கும்பொருட்டு ஒருவருடைய சரக்கு கடலில் எறியப்பட்டால், தப்பிய சரக்குகளின் உரிமையாளர் யாவரும் பங்கிட்டு அவ்விழப்பை ஈடு செய்ய வேண்டும் என்பதே அவ்விதி. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் பவுலடியார் சென்ற கப்பலிலும் சரக்கும் கோதுமையும் கடலில் எறியப்பட்டன. அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் இழப்பினால் பலர் வாழ்கையில், அவ்விழப்பைப் பலரும் ஏற்பது நீதி என்பதை மனிதகுலம் கடலில் கற்றது.

ஆயுள் காப்பீட்டின் வரலாற்றிலோ ஆயர்களுக்கே சிறப்பானதோர் இடமுண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆயர்களான ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் ஆகிய இருவரும், இறந்த ஆயர்களின் மனைவியரும் பிள்ளைகளும் வறுமையில் வாடாதிருக்க ஒரு நிதியத்தை வகுத்தனர். 1744-ல் அது நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் கொலின் மெக்லாரின் அதன் கணக்கைச் சரிபார்த்தார். நாடெங்குமுள்ள மறைவட்டங்களிலிருந்து ஆயர்களின் வயது, இறப்பு, விதவையர் எண்ணிக்கை ஆகிய விவரங்கள் திரட்டப்பட்டன. எக்காலத்திலும் ஏறத்தாழ 930 ஆயர்கள் உயிரோடிருப்பர், ஆண்டுக்கு 27 பேர் இறப்பர், அவருள் 18 பேர் விதவையரை விட்டுச் செல்வர் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அம்மதிப்பீட்டின்மேல் எழுப்பப்பட்ட நிதியம் நெடுங்காலம் நிலைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், அந்நிதியம் உண்மையான விவரங்களின்மேல் நின்றது என்பதே. மறைவட்டங்கள் தத்தம் ஆயர்களின் வயதைக் குறைத்தெழுதியிருப்பின், கணக்குப் பிசகி, வருங்கால விதவை ஒருத்தியின் உணவு குறைந்திருக்கும். காப்பீடு என்பது ஒருவர்க்கொருவர் முகமறியாத பலர், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க அமைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆகவே, “நிறுவனம் பெரிது, சிறு பொய்யால் யாருக்கு நட்டம்?” என்னும் கேள்விக்கு விடை தெளிவு. அப்பொய்யின் விலையை நிறுவனத்தின் கட்டடம் செலுத்துவதில்லை. உண்மையாகப் பிரிமியம் கட்டிவரும் தறித் தொழிலாளியும், பள்ளி ஆசிரியையும், சிறு கடைக்காரரும் செலுத்துகின்றனர்.

3. இருதரப்புக்கும் உரிய நன்னம்பிக்கை

காப்பீட்டுச் சட்டத்தில் ‘மிக்குயர்ந்த நன்னம்பிக்கை’ என்றொரு கோட்பாடு உண்டு. ஒப்பந்தத்தின் அடிப்படையான செய்திகளைக் கேட்டாலும் கேளாவிடினும் மறைக்காது சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டிற்கு அடித்தளமாகக் கருதப்படுவது 1766-ல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு. சுமத்ரா தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குரிய மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அக்கோட்டை ஐரோப்பியப் பகைவரால் கைப்பற்றப்படுதலுக்கு எதிராக லண்டனில் காப்பீடு செய்திருந்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனம் தமக்கு மறைக்கப்பட்டது என்று கூறிக் காப்பீடு வழங்கிய போஹம் பணம் தர மறுத்தார்.

ஒருவர் தாம் அறிந்ததை மறைத்து, மற்றவரை அவருடைய அறியாமையால் ஒப்பந்தத்திற்குள் இழுத்தல் தகாது என்று மான்ஸ்பீல்டு விளக்கினார். அவ்விதி இருதரப்புக்கும் பொது என்பதையும் வலியுறுத்தினார். முடிவில் தீர்ப்பு ஆளுநர்க்கே சாதகமாயிற்று. ஆபத்தின் தன்மையை அறிந்திருந்தும், அல்லது எளிதில் வினவி அறியக்கூடியவராயிருந்தும், பிரிமியத்தைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்தவர், இழப்பு நேர்ந்தபின் ‘மறைக்கப்பட்டது’ என்று வாதிடலாகாது என்பது அதன் கருத்து. நன்னம்பிக்கைக் கோட்பாட்டின் தலையாய வழக்கிலேயே தோற்றவர் காப்பீடு வழங்கியவர் என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் சட்டத்தின் நன்னம்பிக்கை அறத்தின் முழுமையாகாது. 1781-ல் லிவர்பூல் வணிகருக்குரிய ‘சோங்’ என்னும் கப்பல், 442 ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்கா நோக்கிச் சென்றது. குடிநீர் போதாது என்ற காரணத்தைக் காட்டி, ஏறத்தாழ 130 பேர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். உரிமையாளர்கள் அவர்களைச் சரக்கெனக் கணக்கிட்டு, தலைக்கு 30 பவுன் வீதம் காப்பீட்டுத்தொகை கோரினர். 1783-ல் நடுவர்குழு உரிமையாளர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்விசாரணையில் அதே மான்ஸ்பீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஆயினும் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. முன்பு அடிமையாயிருந்த ஒலாடா எக்குவியானோ இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப்புக்கு அறிவித்தார். அடிமை வாணிப எதிர்ப்பியக்கம் எழுச்சி பெற இந்நிகழ்ச்சி துணைபுரிந்தது.

ஒப்பந்தம் செய்த இருவர்க்கிடையே உண்மை நிலவிற்றா என்பதே அந்நீதிமன்றத்தின் கேள்வி. கடலில் மூழ்கியோர் அவ்விருவருள் எவருமல்லர். ஆதலால் அவர்களுக்கு அங்கே குரலில்லை. ஆமோஸ் 8:4–6 கள்ளத்தராசையும், ஏழையை ஒரு சோடு பாதரட்சைக்கு வாங்குதலையும் ஒரே மூச்சில் கண்டிப்பதன் ஆழம் இங்கே புலனாகும். அளவையின் பொய்யும் மனிதனைப் பொருளாக்குதலும் ஒரே வேரினின்று கிளைப்பவை. ஆதலின் கிறிஸ்தவ அறம், ‘ஒப்பந்தத்தை மீறினோமா?’ என்பதோடு நில்லாது, ‘இதனால் தாக்கப்படும் மூன்றாமவர் யார்?’ என்றும் வினவும்.

4. நம் நாட்டின் படிப்பினை

இந்தியாவில் தொடக்ககால ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியர் உயிர்களுக்குக் கூடுதல் பிரிமியம் வசூலித்தன. 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியர்க்கும் இயல்பான விகிதத்தில் காப்பீடு வழங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின்னரும் குறைகள் நீங்கவில்லை. சில தனியார் நிறுவனங்களில் மக்களின் பணம் உரிமையாளரின் சொந்த வாணிபங்களுக்குத் திருப்பப்பட்டதை 1955-ல் பெரோஸ் காந்தி மக்களவையில் எடுத்துரைத்தார். 1956-ல் 154 இந்திய நிறுவனங்களும், 16 அயல்நாட்டு நிறுவனங்களும், 75 சேமநிதிச் சங்கங்களும் ஒன்றிணைக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று.

அரசுடைமையே நேர்மைக்கு உறுதியளிக்கும் என்று நம்பியோர்க்கு மறு ஆண்டே அதிர்ச்சி காத்திருந்தது. 1957-ல் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது வெளியாயிற்று. நீதிபதி சாக்ளா அதனைப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பின்னர் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, தனியார்க்கும் கதவு மீண்டும் திறந்தது. உடைமை தனியாரிடமிருந்து அரசுக்கும், அரசிலிருந்து மீண்டும் தனியார்க்கும் மாறலாம். பொது நிதியைப் பிறர் பொருளெனக் கருதும் மனச்சான்று இல்லாவிடில் எம்முறையும் கெடும்.

5. இன்றைய இரட்டைக் கற்கள்

இன்றைய காப்பீட்டில் இரு கற்களை வைத்திருப்போர் மூவகையினர்.

முதலாமவர் விண்ணப்பதாரர். முன்மொழிவுப் படிவத்தில் சர்க்கரை நோயா, நெஞ்சுவலியா, முன்பு அறுவை சிகிச்சையா என்ற வினாக்களுக்கெல்லாம் ‘இல்லை’ என்று எழுதுகின்றார். அதே நோய்க்கு அவர் மருத்துவமனையில் பெற்ற சீட்டுகளோ வீட்டுப் பெட்டியில் உள்ளன. அனனியா, சப்பீராள் வரலாறு (அப்போஸ்தலர் 5) இங்கே நினைவுக்கு வருகின்றது. நிலம் அவர்களுடையதே, பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. பகுதியை முழுமையெனக் காட்டியதே அவர்கள் குற்றம். மௌனமும் சில வேளைகளில் பொய்யாகும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாமவர் முகவர். பாலிசியை விற்கும்போது அதன் பயன்களுக்குப் பெரிய கல்லை எடுக்கின்றார். விதிவிலக்குகளைக் கூறும்போது சிறிய கல்லை எடுக்கின்றார். படிவத்தைத் தாமே நிரப்பி, “இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்கின்றார். முதியவரிடம் நீண்டகாலப் பாலிசியை வங்கி வைப்புநிதிபோல் விவரிக்கின்றார். முதல் பிரிமியத்தில் ஒரு பகுதியைத் தம் கமிஷனிலிருந்து திருப்பித் தருவதாக வாக்களித்து ஆள் சேர்ப்பதும் உண்டு. இதனை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கின்றது. தம் பணத்தைத் தாம் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார் உளர். பேரம் பேசத் தெரிந்தவர்க்கு ஒரு விலையும், பேசத் தெரியாத ஏழைக்கு மற்றொரு விலையும் ஆவதே தவறு. அது மட்டுமன்று, சலுகையால் கவரப்பட்டுத் தமக்குத் தேவையற்ற பாலிசியை எடுத்தவர், தொடர்ந்து கட்ட இயலாது கைவிடும்போது கட்டிய பணத்தில் பெரும்பகுதியை இழக்கின்றார்.

மூன்றாமவர் நிறுவனம். பிரிமியம் வாங்கும்போது வினவாத வினாக்களை, உரிமைத்தொகை கோரும்போது வினவுகின்றது. தொடர்பற்ற பழைய காய்ச்சலொன்றைக் காட்டி மரணத்தொகையை மறுக்க முயலுகின்றது. இதனைக் கட்டுப்படுத்தவே சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆயுள் பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எக்காரணம் கொண்டும் அதனை மறுத்துரைக்க இயலாது. மூன்று ஆண்டுகளுக்குள், மோசடி என்றில்லாமல், தவறான கூற்றோ முக்கியச் செய்தியின் மறைப்போ காரணமாக மறுத்தால், அதுவரை கட்டிய பிரிமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இச்சட்டத்தைக் கேட்ட சபையார் ஒருவர், “அப்படியாயின் மூன்று ஆண்டு மறைத்துவைத்தால் போதுமே” என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணமே இரட்டைக் கல்லின் எண்ணம். சட்டம் எளியோரைக் காக்க இட்ட வேலியை, நாம் ஒளிந்துகொள்ளும் புதராக்கலாகாது. அன்றியும் மரணம் மூன்று ஆண்டுவரை காத்திருக்கும் என்பதற்கு யார் உறுதி கூறுவர்? கணவன் ‘இல்லை’ என்று எழுதிய ஒரு சொல், இரண்டாம் ஆண்டில் மனைவியின் கையில் மறுப்புக் கடிதமாக வந்து சேரும். பொய் சொன்னவர் கல்லறையில் இருப்பார். அதன் விலையை, அப்பொய்யை அறியவே அறியாத பெண்ணும் பிள்ளைகளும் கொடுப்பர். குடும்பத்தின் நன்மைக்காகவே மறைத்தேன் என்பதுதான் பெரும்பாலோர் கூறும் நியாயம். ஆனால் அம்மறைப்பால் முதலில் வீழ்வது அக்குடும்பமே.

6. ஆயரின் மேசைமீது

இத்துறையில் ஆயரின் பொறுப்பு மூன்று வகைப்படும்.

முதலாவது, அவரது கையொப்பம். காப்பீட்டிற்கு ஏற்கப்படும் வயதுச் சான்றுகளின் வரிசையில் ஞானஸ்நானச் சான்றிதழும், குடும்பத் திருமறையில் எழுதப்பட்ட பிறப்புக் குறிப்பும் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளன. திருச்சபையின் பதிவேட்டை உலகம் நம்பிற்று என்பதன்றோ இதன் பொருள்? பிறந்த ஆண்டைச் சற்று மாற்றித் தரும்படி வேண்டுவோர் அன்பான சபை மக்களாகவே இருப்பர். சிலவேளை சபைக்குழு உறுப்பினராகவும் இருப்பர். அங்கே ஒரு இலக்கத்தைத் திருத்தும் ஆயர், தமக்கு முன்னே அப்பதிவேட்டில் எழுதிய ஆயர் அனைவரின் சாட்சியையும் ஐயத்திற்குள்ளாக்குகின்றார். திருமண நாள், மரண நாள், நற்சான்று மடல் ஆகியவற்றுக்கும் இஃது ஒக்கும். மறுத்தல் கடினமே. ஆயினும் சான்றிதழில் உண்மையை எழுதாதவர் பிரசங்க பீடத்தில் உண்மையை எவ்வாறு எழுப்புவார்?

இரண்டாவது, அவரது போதனை. திடப்படுத்தல் வகுப்பிலும் திருமண ஆயத்தத்திலும், பத்துக் கட்டளைகளின் பொய்ச்சாட்சி விலக்கைக் காப்பீட்டுப் படிவத்தோடும் வருமான வரிக் கணக்கோடும் கடன் பத்திரத்தோடும் இணைத்து விளக்கலாம். படிவத்தை வெறுமையாகக் கையொப்பமிடாதீர்; முகவர் எழுதியதை வாசித்துப் பாரும்; நோயை மறையாதீர்; கூடுதல் பிரிமியம் கேட்டால் அது உண்மையின் விலை என்று கொள்ளும்; பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள்களுக்குள் வேண்டாமெனத் திருப்பும் உரிமை உண்டு என்பதை அறியும் - இவை எளிய அறிவுரைகளே. ஆயினும் எழுத்தறிவு குறைந்த சபையில் இவற்றைக் கூறுதலும் மேய்ப்பர் பணியே. முகவர்களாயிருக்கும் சபை மக்களைத் தனியே கூட்டி, அவர்தம் பணியின் மேன்மையையும் சோதனைகளையும் பற்றி உரையாடுதலும் நன்று. விதவைக்கும் திக்கற்றோர்க்கும் முன்கூட்டியே வழி செய்யும் தொழில் அது. அதனை இழிவாக எண்ணுதல் தகாது.

மூன்றாவது, துன்புறுவோர் பக்கம் நிற்றல். யாக்கோபு 1:27 விதவையரையும் திக்கற்றோரையும் விசாரித்தலைத் தூய சமயத்தின் அடையாளமாக்குகின்றது. மறுப்புக் கடிதம் பெற்ற பெண்ணிடம், ‘இறைவன் பார்த்துக்கொள்வார்’ என்று கூறி அனுப்புதல் போதாது. முதலில் அவள் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிட உதவ வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நம் மாநிலத்தார்க்கு அவ்வலுவலகம் சென்னையில் உள்ளது. முறையீட்டை எழுதித் தருகையிலும் உள்ளதையே எழுத வேண்டும். நியாயமான உரிமையைப் பொய்யால் தாங்க முயலும் ஆயர், மற்றொரு கல்லைத் தம் பையில் இட்டுக்கொள்கின்றார்.

7. நிறைவாக

காப்பீட்டில் நேர்மை கடைப்பிடிக்கப்படும்போது சில இழப்புகள் நேரும். நோயை ஒப்புக்கொண்டவர்க்குப் பாலிசி மறுக்கப்படலாம். உண்மை பேசும் முகவர்க்கு ஆண்டு முடிவில் பரிசு கிட்டாது போகலாம். வயதைத் திருத்த மறுத்த ஆயர் சபைக் கூட்டத்தில் எதிர்ப்பைச் சந்திக்கலாம். இவற்றை மறைத்து நேர்மையே ஆதாயம் தரும் என்று போதிப்போமாயின், அதுவும் விற்பனைப் பேச்சாகிவிடும். தனக்கு நட்டம் வரினும் சொன்ன சொல்லைக் காப்பவனையே 15-ஆம் சங்கீதம் ஆண்டவரின் கூடாரத்தில் தங்குபவனாகக் காண்கின்றது.

அவ்விழப்பைத் தனி மனிதர் மட்டும் சுமக்க விடுதலும் முறையன்று. உண்மை சொன்னதால் காப்பீடு கிடைக்காத குடும்பத்திற்குச் சபையின் உதவி நிதி எவ்வாறு துணை நிற்கும் என்பதை நமது சபைக் குழுக்கள் ஆராய வேண்டும். ஸ்காட்லாந்து ஆயர்கள் 1744-ல் செய்தது அத்தகைய பணியே. அவர்கள் விதவையரின் கண்ணீரைக் கண்டு உண்மையான கணக்கோடு உட்கார்ந்தனர். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியர்க்கு எழுதிய பவுலடியார், அடுத்த சில வசனங்களில் ஒவ்வொருவரும் தத்தம் செய்கையைச் சோதித்தறிய வேண்டும் என்றும் எழுதுகின்றார். பிறர் பாரத்தைச் சுமக்க முன்வரும் திருச்சபை, தன் பதிவேட்டையும் பற்றுச்சீட்டையும் படிவத்தையும் அவ்வாறு சோதித்துக்கொள்ளுமாக. நம் பையில் ஒரே கல் இருக்கட்டும்.